ஆரோக்கியமான பத்தாவது ஆள்

எங்கள் ஆய்வகத்துக்கு ஆரோக்கியமான மனிதர்கள் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். தேடிப் பார்த்ததில் தேநீர் அறையில் ஒன்பது பேர் அகப்பட்டார்கள். பத்தாவதாக நான் டம்ளர் கழுவ உள்ளே வந்தேன். மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பது எவ்வளவு கறாரான வேலை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

மேசையில் படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் டெசிமல். என்னோடு ஒரே நாளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவன். மூன்றாம் மாடியில் ஒரே வாடகை அறையில் என்னோடு தங்கியிருந்தவன். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் சேர்த்துத்தான் சொல்வான் என்பதால் அந்தப் பெயர். அவனை நம்பி என் சாவி, என் கடவுச்சொல், என் முதல் காதல் கடிதத்தின் வரைவு மூன்றையும் கொடுத்திருக்கிறேன். கடிதத்தில் நான்கு பிழை திருத்திக் கொடுத்தான். அந்தப் பெண் பிழையில்லாத தமிழில் மறுத்துவிட்டாள்.

படிவத்தில் பத்தொன்பது கேள்விகள். பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இளவயதில் இதயநோய் வந்ததுண்டா? என் அப்பா நாற்பத்தொரு வயதில், பேருந்து நிறுத்தத்தில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றபடியே சரிந்தவர். ஒல்லியான மனிதர். புகை, குடி எதுவும் கிடையாது.

"ஆமான்னு போட்டா நீ வெளிய போயிடுவ. பத்தாவது ஆளுக்கு நான் எங்க போறது?" என்றான் டெசிமல்.

"அதுக்காகப் பொய் எழுதணுமா?"

"உங்க அப்பாவுக்கு இதயநோய்னு எந்த டாக்டராவது சீட்டு எழுதிக் குடுத்தாரா? குடுக்கல. அப்ப அது நிரூபிக்கப்படல. நிரூபிக்கப்படாததை எழுதினாத்தான்டா பொய்."

நாங்கள் இருவரும் அறிவியல் படித்தவர்கள். அந்த வாதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். கடைசிக் கேள்வி, ஆய்வின்போது உங்கள் உடல்நலம் குறித்து முக்கியமாக எதுவும் தெரியவந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்பது. 'ஆம்' என்று குறித்தேன். அதற்குப் பொய் சொல்ல அவசியம் இருக்கவில்லை. மற்ற ஒன்பது பேரும் அந்தச் செவ்வாய்க்கிழமையே ரத்தம் கொடுத்தார்கள். எனக்கு ஜலதோஷம் என்பதால் அடுத்த வாரம் வியாழக்கிழமை தனியாகப் போய்க் கொடுத்தேன்.

எங்கள் ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் சொல்லிச் சொல்லி இது எனக்கு மனப்பாடம். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துப் போடுவதற்குக் கல்லீரல் செல்களின் மேல் வேலையாட்கள் நிற்கிறார்கள். அந்த வேலையாட்களை அவ்வப்போது வீட்டுக்கு அனுப்பி ஆள்கணக்கைக் குறைப்பதற்கென்றே ஒரு மரபணு இருக்கிறது. அதன் முறையான பெயர் லாரி நம்பர் மாதிரி இருக்கும் என்பதால் நாங்கள் அதை மேனேஜர் என்போம். பெரும்பாலான உடம்புகளில் மேனேஜர் அளவோடு நடந்துகொள்வார். சில குடும்பங்களில் மட்டும் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அவருக்குக் கடமையுணர்ச்சி தலைக்கேறிவிடும். கண்ணில் படுபவனையெல்லாம் வீட்டுக்கு அனுப்புவார். இழுக்க ஆளில்லாத கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழாய்ச் சுவரில் படியும். ஆள் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் சரி, நாற்பதுகளைத் தாண்டுவது சந்தேகம்.

இந்த மேனேஜரின் வாயை அடைப்பதுதான் எங்கள் திட்டம். ஒரு வைரஸைப் பிடித்து, அதன் சொந்தச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, பதிலுக்கு ஒரு குட்டிச் சரக்கை ஏற்றிச் செல்லுக்குள் அனுப்புவோம். மேனேஜர் எழுதும் உத்தரவுகள் அறையைவிட்டு வெளியே வந்ததுமே அது கிழித்துப்போடும். நோயாளிகள் பத்துப் பேர், ஆரோக்கியர்கள் பத்துப் பேர். எல்லோருடைய ரத்தச் செல்களையும் கல்லீரல் செல்களாக மாற்றி வளர்த்து, அதில் வைரஸை விட்டுப் பார்க்க வேண்டும். செல் வளர்ப்பவன் டெசிமல். வைரஸ் செய்பவன் நான். எந்தத் தட்டு யாருடையது என்பது எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேண்டியவர்களின் தட்டில் வைரஸைக் கொஞ்சம் அன்பாக ஊற்றிவிடுவேனாம். அதனால் எனக்குத் தட்டின் மேல் ஒட்டிய எண் மட்டும்தான் தெரியும்.

வீட்டில் என் மதிப்பு உயர்ந்தது. அப்பா போனதிலிருந்து ரத்தப் பரிசோதனை செய், செய் என்று அம்மா என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள். "ஒரு ஆராய்ச்சி நிலையமே என்னை ஆரோக்கியமானவன்னு சேத்துக்கிட்டிருக்கு, நீ வேற" என்றேன். அம்மா அந்தச் செய்தியை மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் என் தங்கை, "அண்ணனுக்கு இல்லைன்னா எனக்கும் இருக்காது" என்று தன் பரிசோதனையையும் தள்ளிப்போட்டாள். மரபியலில் அதைவிடத் தப்பான வாக்கியம் கிடையாது. நான் மரபியல் மாணவன். திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டெசிமல் என்னோடு வீட்டுக்குச் சாப்பிட வருவான். கொஞ்ச நாளில் அவனிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. என் தட்டில் இருக்கும் முட்டையைப் பிளந்து, மஞ்சள்கருவை மட்டும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வான். எனக்கென்று வைத்த வறுவலும் அவனிடமே போகும். அம்மாவுக்கு அவன் மேல் தனிப் பாசம். "பாவம், பெத்தவங்க தூரத்துல இருக்காங்க, பிள்ளை ஏங்கிப்போயிருக்கு" என்பாள். பிள்ளைக்குத் தொப்பை விழுந்தது.

அதற்கிடையில் ஆராய்ச்சியும் நன்றாகவே போனது. குறிப்பாக முப்பத்தேழாம் எண் தட்டு. என் வைரஸ் அந்தச் செல்களில் செய்த வேலையைப் போல வேறு எதிலும் செய்யவில்லை. மேனேஜர் சத்தமே இல்லாமல் அடங்கிவிட்டார். வேலையாட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். பேராசிரியர் அந்தப் படத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். யாரோ ஒரு நோயாளி, நன்றாயிருக்கட்டும் என்று நானும் மனதுக்குள் வாழ்த்தினேன்.

கட்டுரையின் வரைவு தயாரானதும் அட்டவணைகளைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. என் பெயரும் நான்காவதாக அதில் இருந்தது. முதல் அட்டவணையிலேயே ஒரு தவறு கண்ணில் பட்டது. ஆரோக்கியர்கள் ஒன்பது, நோயாளிகள் பதினொன்று என்று இருந்தது. யாரோ தூக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திருத்தும் முன்பு எதற்கும் உறைபெட்டிப் பதிவேட்டைப் பார்த்துவிடலாம் என்று எடுத்துப் புரட்டினேன்.

ஆ-10 என்ற வரியின் மேல் அளவுகோல் வைத்து ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 'குழு மாற்றம்' என்று குறிப்பு, அதன் கீழ் டெசிமலின் சுருக்கொப்பம். பதினாலு மாதம் முந்தைய தேதி. கடைசிப் பக்கத்தில் நோ-11 என்று புதிதாக ஒரு வரி, எதிரே தட்டு எண் முப்பத்தேழு. ரத்தம் எடுத்த நாளைப் பார்த்தேன். வியாழக்கிழமை. நோயாளிகள் திங்கட்கிழமை மட்டும்தான் வருவார்கள். அந்த வியாழக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அலுவலக மொழியில் சொன்னால் எனக்கு இடமாற்ற உத்தரவு வந்திருந்தது. வந்தது எனக்கு மட்டும் தெரியாது.

டெசிமல் செல் வளர்க்கும் அறையில் இருந்தான். கண்ணாடித் தடுப்புக்குள் கை இரண்டையும் விட்டு, ஆறு தட்டுகளைத் திறந்து வைத்திருந்தான்.

"முப்பத்தேழு நான்தானா?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. "இருடா, மூடிட்டு வரேன்" என்றான். ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாக மூடினான். நாலாவது மூடியிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பத்து ஆரோக்கியர்களும் உண்மையிலேயே ஆரோக்கியர்கள்தானா என்று பார்க்க எல்லோருடைய மேனேஜரையும் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறான். ஒருவனிடம் மட்டும் அந்த ஓர் எழுத்து மாறியிருந்தது. நம்பாமல் மூன்று முறை திரும்பப் படித்திருக்கிறான். பேராசிரியரிடம் போயிருக்கிறான். இப்படிப்பட்ட விஷயத்தைத் தேநீர் அறையில் சொல்லக் கூடாது, நெறிமுறைக் குழுவுக்கு எழுத வேண்டும், அவர்கள் ஆலோசகரை வைத்து முறைப்படி சொல்வார்கள் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். விதி அதுதான். கடிதமும் எழுதப்பட்டது. அனுப்பும் முன்புதான் அவருக்கு ஒரு சங்கடம் தோன்றியிருக்கிறது. இந்த ஆள் எப்படி ஆரோக்கியர் பட்டியலில் நுழைந்தான் என்று குழு கேட்கும். படிவத்தை எடுக்கும். பதினோராவது கேள்வியைப் பார்க்கும். மொத்த ஆராய்ச்சியையும் நிறுத்திவைத்து விசாரிக்கும். ஆகவே கட்டுரை வெளிவந்த மறுநாள் கடிதத்தை அனுப்புவது என்று முடிவாயிற்று. அதுவரை நல்ல செல்லை ஏன் வீணாக்க வேண்டும் என்று என்னை நோயாளிகள் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ரகசியத்தை மீறினதா ஆயிடும். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்டா."

"என்னை 'இல்லை'ன்னு குறிக்கச் சொன்னப்ப அந்தக் கையெழுத்து எங்க போச்சு?"

அவன் கையுறையைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். "நான் ஒண்ணும் சும்மா இருக்கல" என்றான். "உன் தட்டுல இருந்த மஞ்சக்கரு எல்லாம் யார் சாப்பிட்டா? எனக்கு மஞ்சக்கருவே பிடிக்காது. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. எனக்கு நிறைய விஷயங்கள் தெரியாமல் இருந்தன. பதினாலு மாதம், ஏறக்குறைய அறுபது ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு இரண்டு முட்டை. ஒரு மனிதன் தன் நண்பனுக்காகப் பிடிக்காத நூற்றிருபது மஞ்சள்கருக்களை விழுங்கத் தயாராக இருந்திருக்கிறான். ஒரு வாக்கியத்தை வெளியே துப்பத்தான் தயாராக இல்லை. அதுவும், இந்த நோய்க்கு மாத்திரை மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. எங்கள் வைரஸுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு வருஷம் மிச்சம். அது அவனுக்கும் தெரியும். எங்கள் கட்டுரையின் முதல் பத்தியை எழுதியவனே அவன்தான்.

மறுநாள் காலை தங்கையைக் கூட்டிக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த சாதாரண ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். வெறும் வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை அங்கேதான் அவளிடம் சொன்னேன். கடைசியில், "அப்ப நீ போட்ட ஒரு குறியிலதான் எல்லாம் ஆரம்பிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லாப் படிச்சீங்கடா ரெண்டு பேரும்" என்றாள்.

மாலையில் முடிவு வந்தது. ஒரு காகிதத்தில் என் கொழுப்பின் எண்ணும் இன்னொன்றில் அவள் எண்ணும் இருந்தன. இருக்க வேண்டியதைப் போல என்னுடையது இரண்டு மடங்கு. அவளுடையது மூன்று மடங்கு.

"மார்க்குலதான் எப்பவும் உன்னைவிட அதிகம்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம் காகிதத்தை நான்காக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடங்காததால் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

காகிதங்களோடு போய்ப் பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். இருவரும் இன்றிலிருந்தே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், தங்கைக்குக் கழுத்து ரத்தக் குழாயை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டாம், ஆனால் இதைப் போன வருஷமே பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றார். போன வருஷம் என்ற சொல்லை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். டெசிமல் என் தட்டைக் கண்காணித்திருக்கிறான். எனக்கு நேர் எதிரே அதே முட்டையை முழுசாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் தட்டு அவன் கண்ணில் படவே இல்லை. அவளுடைய ரத்தம் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஆளுக்கு எங்கள் தொழிலில் நோய் வராது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அந்தப் பையன் தெரிஞ்சே இங்க உக்காந்து சாப்பிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள்.

பேராசிரியரைப் பார்க்க நான் திங்கட்கிழமை போனேன். அவர் நல்ல மனிதர். எழுந்து வந்து கதவைச் சாத்தினார், எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், நடந்தது பெரிய சங்கடம் என்றார். தப்பு என்ற சொல் வராமல் அவர் பேசிய நேரம் பன்னிரண்டு நிமிஷம். கடிதத்தை அன்றைக்கே அனுப்புவதாக வாக்களித்தார். எனக்குப் பின்னால் சுவரில் முப்பத்தேழாம் தட்டின் படம் ஒட்டியிருந்தது. அதை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

தங்கைக்கும் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் வருத்தம் வந்தது. உண்மையான வருத்தம். அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

"அண்ணன் தங்கை ரெண்டு பேருக்குமேவா? ஒரே வீட்டுல ஒரே மாற்றம், ஆனா அளவு வேற... நான் இப்பவே கேக்கறேன்னு நினைக்காதப்பா. கொஞ்ச நாள் போகட்டும். அந்தப் பொண்ணு ரத்தம் குடுக்க ஒத்துக்குமா?"

நான் பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்தேன். ஏழாவது விதி எல்லாப் படிவங்களிலும் இருக்கும், எவரும் படிப்பதில்லை. ரத்தம் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அவருடைய செல்கள் அழிக்கப்படும். கட்டுரை வெளிவராத பட்சத்தில் தரவுகளும் நீக்கப்படும். நான் விலகுகிறேன் என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். முப்பத்தேழு போனால் கட்டுரையின் நாலாம் படம் போய்விடும், நாலாம் படம் போனால் கட்டுரைக்கு முதுகெலும்பு இருக்காது என்றார். பிறகு மெதுவாக, "உன் தீசிஸோட மூணாவது அத்தியாயமும் அதுதாம்ப்பா" என்றார். தெரியும் என்றேன். அந்த வைரஸைச் செய்ய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கையெழுத்துப் போட இரண்டு விநாடி போதுமானதாக இருந்தது.

செல்களை அழிக்க வேண்டியவர் செல் காப்பாளர். அதாவது டெசிமல். ரத்தம் கொடுத்தவர் விரும்பினால் நேரில் பார்க்கலாம் என்றும் விதியில் இருக்கிறது. இதுவரை எவரும் விரும்பியதில்லையாம். புதன்கிழமை மத்தியானம் நான் போய் நின்றேன்.

உறைபெட்டியிலிருந்து ஏழு குப்பிகளை எடுத்து வைத்தான். வளர்ந்துகொண்டிருந்த தட்டுகள் இரண்டு. ஒன்றில் வைரஸ் விடாதது, இன்னொன்றில் விட்டது. "பாக்கறியா?" என்று நுண்ணோக்கியைக் காட்டினான். பார்த்தேன். தரையில் பதித்த கற்கள் மாதிரி நெருக்கி அடுக்கிய செல்கள். என் செல்கள். உள்ளே என் வைரஸ், என் மேனேஜரின் உத்தரவுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தது. என்னில் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும் இடம் உலகத்திலேயே அந்த ஒரு பிளாஸ்டிக் தட்டுதான். வேலை நன்றாகத்தான் நடந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்ததற்காக என்மேல் எனக்குக் கோபம் வந்தது.

"ஊத்து" என்றேன்.

பிளீச்சை ஊற்றினான். சிவப்பாயிருந்த திரவம் நிறமற்றுப் போனது. பத்து நிமிஷம் ஊற வேண்டும். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிடலாம்னு ரூம் கதவு வரைக்கும் வந்தேன்டா. தட்ட முடியல" என்றான்.

"நம்ம ரூம்டா அது. சாவி உன்கிட்ட இருந்துச்சு. தட்டவே வேண்டாமே."

அவன் அழுதான். நான் நேரத்தைப் பார்த்து, ஆறாவது நிமிஷம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை அறையைக் காலி செய்தேன். புத்தகங்களையும் துணிகளையும் நானும் தங்கையும் இறக்கினோம். இரும்பு அலமாரியை ஒற்றை ஆளாக மூன்று மாடி இறக்க முடியாது. தங்கையைத் தூக்கவிட எனக்கு மனமில்லை. டெசிமல் எதுவும் கேட்காமல் வந்து கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான். பாரம் முழுக்க அந்தப் பக்கம்தான். இடது, மெதுவா, படி இருக்கு, திருப்பு. நான்கு வருஷச் சிநேகிதத்தில் கடைசியாக எங்களுக்குத் தேவைப்பட்ட சொற்கள் அவ்வளவுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் மூச்சு வாங்கினான்.

அலமாரியை வண்டியில் ஏற்றியதும் கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தான். தங்கை முன்சீட்டில், ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சிக்கும் இருக்குன்னு சார் சொன்னாரு. ஸ்கேன்ல என்னடா வந்துச்சு? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும் என்று மருத்துவர் நேற்றுதான் சொல்லியிருந்தார். ஒரே வாக்கியம். சொன்னால் அவன் இன்றைக்குத் தூங்குவான்.

நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். டிரைவர் கிளப்பினார். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாவது தெருமுனை திரும்பும்வரை அது சுகமாகக்கூட இருந்தது.